உத்தியோகமும் திருநீறும்

நம் கல்லூரி மண்டபத்தில் நாள்தோறும் தேவாரம் ஓதிப் பழகிய மாணவன், கல்வி முற்றியபின் கந்தோருக்கோ வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ உத்தியோகம் ஏற்றுச் செல்கின்றான். அங்கே பக்கத்து மேசையிற் பௌத்தர் இருப்பார்; எதிரே கிறித்தவர் இருப்பார்; முஸ்லிம் அன்பர் வெள்ளிக்கிழமை நண்பகலிற் பள்ளிவாசலுக்குச் செல்ல ஆயத்தமாவார். அவ்விடத்தில் அவன் தன் சமயத்தை எங்ஙனம் பேணுதல் வேண்டும்?

இதற்கு இருவகையான விடை கூறப்படுகின்றது. சமயத்தைச் செருப்போடு வாயிலிற் கழற்றிவிட்டு உள்ளே செல்க என்பார் ஒரு சாரார். நம்மவர் மிகுந்த கந்தோரில் நம் வழக்கமே வழக்கம் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா என்பது எம் கருத்து.

முன்னவருக்கு நாவலர் பெருமானின் வாழ்வே தக்க விடையாகும். 1822 இல் நல்லூரில் அவதரித்த அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்தார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். சைவராகவே நின்று அப்பணியைச் செவ்வனே ஆற்றினார். சைவத் தொண்டே தம் முழுப் பணி எனத் துணிந்தபோது, 1848 இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஏற்ற பணிக்கும் தம் நெஞ்சுக்கும் அவர் உண்மையாய் இருந்தார்.

சட்டமும் இதற்கு இடந்தருகின்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், 14 ஆம் உறுப்புரை சமயத்தை வெளிப்படையாக அனுட்டிக்கும் சுதந்திரத்தையும் வழங்குகின்றன. ஆயின் அளவு யாது? 2013 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரித்தானிய வழக்குகள் சிலவற்றை ஒருங்கே தீர்த்தது. விமான நிறுவனப் பணிப்பெண் ஒருவர் சிறு சிலுவை அணிந்தமையால் எவருக்கும் தீங்கில்லை என்று அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. நோயாளரைப் பராமரிக்கும் தாதி ஒருவருக்கோ, நோயாளரின் நலன் கருதி விதித்த தடை சரியென்றாயிற்று. நெற்றித் திருநீற்றுக்கும் கைக்காப்புக்கும் இதுவே அளவுகோலாகலாம். பணிக்கும் பிறருக்கும் ஊறு இல்லையேல், அணிவதில் நாணம் வேண்டா.

இனிப் பின்னவருக்கு வருவோம். நவராத்திரி வந்தால் நம் கந்தோர்களில் வாணி விழா நடைபெறுகின்றது. நல்ல வழக்கமே. ஆயின் அதற்குப் பணம் சேர்க்கும் முறையைச் சற்றே நோக்குக. பட்டியலொன்று மேசைதோறும் வருகின்றது. முதலிலே மேலதிகாரியின் பெயரும் தொகையும். அதன்கீழே மற்றையோர் பெயர்கள். வேறு சமயத்தவரான இளம் எழுதுவினைஞர் அதனைக் கையில் ஏந்தும்போது அவர் மனத்தில் எழுவது பத்தியன்று. சம்பள உயர்வும் இடமாற்றமுமே. அவர் இடும் பணம் காணிக்கையாகுமா? தூரத்துக் கந்தோரில் தனித்திருக்கும் நம்மவரிடம் பிறசமய விழாவுக்கான பட்டியல் வந்தால் அவர் மனம் எப்படியிருக்கும் என்று எண்ணினால், இதன் உண்மை விளங்கும்.

ஆதலின் பட்டியல் வேண்டா. மூலையில் ஓர் உண்டியல் வைத்தாற் போதும். அழைப்பை எல்லோருக்கும் ஒருமுறை விடுக்க. வந்தவர் யார், வாராதவர் யார் என்று கணக்கெடாதொழிக. பூசையைக் கடமை நேரத்தின்பின் நிகழ்த்துக. ஓய்வூதிய அலுவலாகக் காலையில் பஸ்ஸேறி வந்த முதியவரை, பூசை முடியட்டும் என்று வாங்கிலே காக்க வைத்துப் படைக்கும் அவலும் கடலையும் கலைமகளுக்கு உவப்பாகா.

கந்தசட்டி நோன்பிருப்பவர் தம் வேலையைப் பிறர் தலையிற் சுமத்தலாகாது. அவ்வாறே ரமழான் நோன்பிருப்பவர் முன்னிலையில் தேநீர் விருந்து வைப்பதும் பண்பன்று.

நம் பழைய மாணவர் பலர் இன்று பட்டியலைத் தொடக்கிவைக்கும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர். வருகின்ற நவராத்திரியில் அவர்கள் முதற் கையொப்பத்தை இடாது, அப்பட்டியலையே நிறுத்திவிடுவாராயின், அது நம் கல்லூரிக்கும் சைவத்துக்கும் பெருமை தருவதொரு செயலாகும்.