கடுகின் பங்காளிகள்

பப்பாளியை நறுக்கியதும் விதைகளை வழித்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அடுத்த முறை ஒன்றே ஒன்றை மென்று பாருங்கள். மூக்கில் ஏறுவது அசல் கடுகு நெடி. முருங்கை வேரைக் கீறினாலும் அதே நெடிதான். இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளத் தங்கள் ஊர் ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேருக்குப் பதிலாக முருங்கை வேரைத் துருவிக்கொண்டார்கள்.

முழுக் கடுகுக்கு நெடி கிடையாது. குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமுமாகப் பிரிந்தே கிடக்கின்றன. புழு கடித்தாலோ அம்மியில் அரைபட்டாலோ இரண்டும் கலந்து, கண்ணில் நீர் வரவழைக்கும் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. ஆவக்காயில் பச்சைக் கடுகுப் பொடி சுள்ளென்று இருப்பது இதனால்தான். தாளிக்கும்போது காய்ந்த எண்ணெய் நொதியை அழித்துவிடுகிறது. வெடித்த கடுகு பரம சாது.

மணத்தை வைத்து உறவு சொல்வது ஆபத்தான வேலை. ஓமம் கொத்தமல்லிக் குடும்பம், ஓமவல்லி துளசிக் குடும்பம். ஆனாலும் இரண்டிலும் தைமால் என்ற மணப்பொருள் உண்டு. செடிகள் அடிக்கடி செய்யும் எளிய சரக்கு அது. கடுகு நெடி அப்படியல்ல. சேர்மத்தை உருவாக்கப் பல படிகள், உடைக்கத் தனி நொதி, இரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அது பெரிய குடும்பச் சொத்து. பூவையும் காயையும் பார்த்து வகைப்படுத்தியவர்கள் பப்பாளியைப் பேஷன் பழக் கொடியின் அருகில் வைத்திருந்தார்கள். ரோல்ஃப் டால்கிரென் என்ற தாவரவியலாளர் 1975இல் துணிந்து, குளுக்கோசினோலேட் உள்ள குடும்பங்களைக் கடுகோடு ஒரே வரிசையில் சேர்த்தார். பலர் ஏற்கவில்லை. 1990களில் ஜேம்ஸ் ராட்மனும் சக ஆய்வாளர்களும் மரபணுக்களை ஒப்பிட்டபோது கடுகு, முருங்கை, பப்பாளி, நாய்வேளை, ஆதொண்டை எல்லாம் பங்காளிகள்தான் என்று தெரிந்தது.

ஒரு மரத்தைத் தவிர. குழந்தைகளுக்கு நோய் அண்டாதிருக்கக் கொட்டையைக் கோத்து அணிவிப்பார்களே, அந்தப் புத்திரஞ்சீவி. அதன் விதை எண்ணெயிலும் கடுகு வாடை உண்டு. ஆனால் மரபணுப்படி அது ஆமணக்கும் மரவள்ளியும் இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதுவும் அதன் நெருங்கிய உறவினர்களும் அத்தனை படிகளையும் தனியாகவே கண்டுபிடித்திருக்கின்றன. டால்கிரெனின் கணக்கில் இது மட்டும் உதைத்தது. அதை அவருடைய தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே வேதிப்பொருளை நம்பி இவ்வளவு தூரம் சரியாகப் போனதே அதிசயம்.

பூச்சிகளுக்கு இந்த வழக்கில் அக்கறையில்லை. ஆம்ஸ்டர்டாமில் வெர்ஷாஃபெல்ட் என்ற ஆய்வாளர் 1910இலேயே காட்டியிருக்கிறார்: கடுகுச் சேர்மத்தைத் தடவிக் கொடுத்தால், முட்டைக்கோஸ் புழுக்கள் வழக்கமாகத் தொடாத இலையையும் தின்றன. நம் ஊர் ஆல்பட்ராஸ் வண்ணத்துப்பூச்சிகளில் சில ஆதொண்டைக் குடும்பத்தில் முட்டையிடுகின்றன, சில புத்திரஞ்சீவியிலும் அதன் உறவு மரங்களிலும்.