குறைப்பிரசவம் தலைவிதியா?

மாதம் நிறையுமுன் பிள்ளை பிறந்து இறந்துவிட்டால் தலைவிதி என்கின்றார்கள். கிரகண தோஷம் என்கின்றார்கள். முடிவில் பெற்றவளையே ராசியில்லாதவள் என்று தூற்றுகின்றார்கள். உலகில் பத்துக்கு ஒரு குழந்தை 37 வாரம் நிறையாமலே பிறக்கின்றது. 2020-ல் மாத்திரம் இப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். இத்தனை தாய்மாருக்குமா தோஷம் என்று கேட்கின்றோம்.

காரணங்களில் ஒன்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐந்தாம் மாதத்திலேயே கருப்பைக் கழுத்தின் நீளம் குறைந்துவிடுமானால் பிரசவம் முந்துகின்ற அபாயம் அதிகம். உட்புற ஸ்கேன் மூலம் இதைச் சில நிமிஷங்களில் அளந்துவிடலாம். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை. லண்டன் டாக்டர் நிக்கோலைடிஸ் குழுவினர், 15 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமாக இருந்த 250 கர்ப்பிணிகளைச் சோதித்து 2007-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மருந்தில்லாத வெற்றுக் குளிகை பெற்றவர்களில் 100-க்கு 34 பேருக்கு 34 வாரத்திற்கு முன்பே பிரசவமாயிற்று. இரவுதோறும் புரோஜெஸ்டிரோன் குளிகையை உள்ளே வைத்துக்கொண்டவர்களில் 100-க்கு 19 பேருக்கே அப்படியாயிற்று. ஒரு குளிகை திருத்திவிடுமானால் அது என்ன விதி?

நிற்க, குறைப்பிரசவம் யாவற்றையும் இது தடுத்துவிடுமென்று நாம் சொல்லவரவில்லை. இரட்டைப் பிள்ளை, ரத்தக்கொதிப்பு, நோய்த்தொற்று எனக் காரணங்கள் பலவுண்டு. தடுக்கக்கூடியதையும் தடுக்காமல் விடுவானேன் என்பதே நமது கேள்வி.

ஆதலால் ஏழாம் மாத வளைகாப்புக்குப் பஞ்சாங்கம் புரட்டுகின்றவர்கள், ஐந்தாம் மாத ஸ்கேனின்போது "கழுத்து நீளம் எவ்வளவு?" என்று டாக்டரை ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்பதற்குத் தக்ஷணை வேண்டியதில்லை.