மாத்திரையைத் தருபவர் பேசவும் வேண்டும்

சென்ற கோடையில் விடுதித் தோழர் ஒருவருக்குக் கைநடுக்கம் தொடங்கியது. இருமுனை மனநோய்க்காக நான்காண்டுகளாக லித்தியம் உட்கொள்பவர் அவர். முழங்கால் வலிக்கென மருந்துக்கடையில் ஐபுபுரோஃபன் வாங்கி ஒரு வாரம் விழுங்கியிருந்தார். மாதந்தோறும் லித்தியம் வாங்குவதும் அதே கடையில்தான். இரத்தப் பரிசோதனையில் லித்தியத்தின் அளவு வரம்பைக் கடந்திருந்தது. இவ்வகை வலிநிவாரணிகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். வியர்த்து உடலில் நீர் வற்றினால் ஆபத்து மேலும் கூடும். "வேறு மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்ற ஒரே ஒரு கேள்வி அன்று அந்தக் கடையில் எழுந்திருந்தால் போதும்.

மனநல மருத்துவரை நோயாளி சில மாதங்களுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் சந்திக்கிறார். மருந்தாளுநரையோ மாதந்தோறும் சந்திக்கிறார். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களில் சிகிச்சை பெறாதோர் 70 முதல் 92 விழுக்காடு வரை உள்ளனர். அத்தனை தடைகளையும் தாண்டி மருந்துச் சீட்டோடு வந்து நிற்பவரை அந்தக் கடைசிப் படியில் இழப்பது பெருங்கொடுமை.

இழப்பு எவ்வாறு நேர்கிறது? மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும்; குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இந்த இடைவெளியை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாவிட்டால், "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என நோயாளி தாமே நிறுத்திவிடுவார்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இன்னொன்று. நம் வீடுகளில் மனநல மருந்துகள் பலவற்றுக்கும் பெயர் 'தூக்க மாத்திரை'. எனவே, தூக்கம் சீரானதும் மாத்திரை தேவையற்றதாகிவிடுகிறது. 'பழகிவிடும்' என்ற சொல்லும் அப்படியே. அல்பிரசோலம் போன்றவற்றில் அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. மனச்சோர்வு மருந்துகள் அவ்வகையில் அடிமைப்படுத்துவன அல்ல. ஆயினும் அவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம் முதலியன தோன்றலாம் என்பதால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகள் விளக்கமாட்டா. மனிதர்தாம் விளக்க வேண்டும்.

இது சலுகையாகக் கேட்கப்படுவதன்று. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம், 42ஆம் பிரிவின்வழி, பதிவுபெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும் என்கிறது. 2015ஆம் ஆண்டின் மருந்தாளுமைத் தொழில் ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை அவருடைய கடமைகளுள் ஒன்றாக்கின. எச்1 அட்டவணை மருந்துகளின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்றும் விதி உண்டு. மாத்திரைகளைக் கணக்கெழுத வைத்தோம். அவற்றைப் பற்றிப் பேச வைக்கவில்லை.

நெரிசல், குறைந்த ஊதியம், ஆலோசனைக்குத் தனிக் கட்டணமின்மை ஆகியவை உண்மையான இடர்கள். பலர் நடுவே உரத்துப் பேசினால் நோயாளி அக்கடைக்கே மீண்டும் வரமாட்டார் என்பதும் உண்மை. ஆகவே நான் கேட்பது சிறிதே: கடையில் ஓர் ஒதுக்குப்புறம்; தாழ்ந்த குரல்; நான்கு கேள்விகள். வேறென்ன மருந்து உட்கொள்கிறீர்கள்? எத்தனை வேளை தவறியது? எது தொல்லை தருகிறது? அடுத்து மருத்துவரை எப்போது பார்க்கிறீர்கள்? நோயைக் கண்டறிவதும் மருந்தளவை மாற்றுவதும் மருத்துவர் பணியாகவே இருக்கட்டும்.

ஃபார்ம்.டி படிப்பு இந்நாட்டில் தொடங்கியது 2008இல். நோயாளியோடு உரையாடும் பயிற்சி அதன் பாடத்திட்டத்திலேயே உண்டு. அவ்வுரையாடல் எந்த மொழியில், எந்தச் சொற்களில் நிகழ வேண்டும் என்பதை மருந்தியல் மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் சேர்ந்து வகுக்கலாம். முன்வருவோர் கருத்துப்பகுதியில் எழுதுங்கள். அந்த நான்கு கேள்விகளை நம் மொழிகளில் எழுதுவதிலிருந்தே தொடங்குவோம்.