தண்ணீர் மட்டம்

நான் வாங்கிய திரை 80 அங்குலம். மூலைக்கு மூலை அளந்தால்தான் 80. அகலம் 70, உயரம் 39. கடையில் 100 அங்குலத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டினார்கள். தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு இது போதும் என்று துரைமார் தீர்மானித்த அளவு. கட்டில், அலுமாரி, சாமிப்படம் போக மிஞ்சியதில்தான் சினிமா. திரைக்கு ஒன்பது அடி தள்ளிப் புரொஜெக்டரை வைத்தால் படம் நிரம்பும் என்று கணக்குப் போட்டு வந்தேன்.

சிறு வயதில் தோட்டத்தில் படம் காட்டினால் வெள்ளை வேட்டிதான் திரை. இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறியிருக்க, அதே கதையைப் பார்ப்போம்.

கொழும்பில் கட்டட வேலை செய்யும் நண்பன் ட்ரில் மெஷினோடு வந்தான். லயத்துச் சுவர் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். முதல் துளையிலேயே மண் மாவாகக் கொட்டி, ரோல் பிளக் கழன்று விழுந்தது. அவன் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். கல் இருக்கும் இடத்தில் சத்தம் வேறு. அப்படி மூன்று கல்லைக் கண்டுபிடித்து, அதில் மரச்சட்டத்தை முடுக்கி, சட்டத்தில் திரையைத் தொங்கவிடலாம் என்றான்.

"கூரை வளைக்கு நேரா அடிச்சிருவோம் மச்சான்," என்றேன்.

"வளைய நம்பி அடிச்சா படம் சரிஞ்சு கிடக்கும்டா."

பையிலிருந்து தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாயை எடுத்தான். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவன் பிடித்தான். தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவரும் பேசவில்லை. இரண்டு முனையிலும் தண்ணீர் நின்ற இடத்தில் பென்சில் கோடு. அந்தக் கோட்டிலிருந்து பார்த்தால் வளை ஒரு பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது.

கழற்றிச் சுருட்டி வைக்கக்கூடிய திரையாக வாங்கியது நல்லதாய்ப் போயிற்று. மழைக்காலத்து ஈரத்தில் துணிமணியே பூஞ்சணம் பிடிக்கிற வீடு இது. அடுப்புப் புகை வேறு.

முதல் படமாக 'புதிய காற்று' போட ஆசைப்பட்டேன். 1975இல் வி. பி. கணேசன் தயாரித்தது, தோட்டத்து மக்களின் கதை. பிரதி கிடைக்கவில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கதையான 'எரியும் பனிக்காடு' நாவலைத் தழுவி பாலா எடுத்த 'பரதேசி'யைப் போட்டோம். பக்கத்துக் காம்பரா பிள்ளைகள் கட்டிலில் ஆறு பேர், இஸ்தோப்பில் நான்கு பேர்.

அம்மா மட்டும் படத்தைப் பார்க்காமல் திரைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் நேரான கறுப்பு விளிம்பு. அதற்கு மேலே சரிந்து போகும் வளை. முப்பத்தெட்டு வருடம் இந்தக் காம்பராவிலிருந்து காலை வேலைப் பெரட்டுக்கு நடந்தவர்.

"தம்பி," என்று நண்பனைக் கூப்பிட்டார். "இந்தக் கூரை எப்பவுமே இப்படித்தான் சாஞ்சிருந்திச்சா?"