துக்க வீட்டுக்கு வெறும் வசனத்தோடு போகலாமா?



துக்க வீட்டில் நாம் பேசும் பேச்சைப் பற்றி இந்த மாதம் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாமா?

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய கால்களின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதற்குள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அழக் கூடாதும்மா. விசுவாசிங்க எப்பவும் சந்தோஷமா இருக்கணும். எல்லாம் கர்த்தரோட சித்தம்" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் கேட்கிற பெண்ணின் நிலைமை? புருஷன் போன துக்கம் ஒரு பக்கம். 'எனக்கு விசுவாசமும் இல்லை போலிருக்கிறதே' என்ற பாரம் இன்னொரு பக்கம்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை விட்டுவிட்டு இதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2024 ஜூன் மாதம் அங்கேயும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். யார் வீட்டுக்கு யார் போய்த் துக்கம் விசாரிப்பது?

மாரடைப்பில் போனால் ஊரே "ஐயோ பாவம்" என்கிறது. சாராயத்தில் போனால்? "குடிச்சுத்தானே செத்தான்" என்கிறது. அரசாங்கம் குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் அறிவித்ததும், "குடிச்சுச் செத்தா பத்து லட்சமா?" என்ற கேலி வாட்ஸ்அப்பில் சுற்றியது. நம்மில் எத்தனை பேர் அதைச் சிரித்துக்கொண்டே ஃபார்வர்டு செய்தோம்? அந்த வீட்டுப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கிறதே!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குடிகாரக் கணவனை இழந்த வீட்டில் வெறும் துக்கம் மட்டும் இருப்பதில்லை. கோபம் இருக்கும். "ராத்திரி அடி இல்லாமல் தூங்குகிறேன்" என்ற நிம்மதி இருக்கும். அப்படி நினைத்துவிட்டோமே என்ற கூச்சம் இருக்கும். இவ்வளவும் சேர்ந்து கிடக்கிற மனதிடம் போய் 'சந்தோஷமாயிரு' என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் அது எங்கே ஒட்டும்?

அப்படியானால் பைபிள் சொல்கிற சந்தோஷம் பொய்யா? இல்லை. நாம்தான் அதைப் பாதியில் நிறுத்திப் படிக்கிறோம்.

சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசுகிற நிருபம் பிலிப்பியர். நாலே அதிகாரம். எழுதும்போது பவுல் சிறையில் இருக்கிறார். நம் கன்வென்ஷன்களில் இவ்வளவும் சொல்வார்கள். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பிலிப்பி சபையார் பவுலுக்கு உதவியைக் கொடுத்தனுப்பியது இவர் கையில்தான். அந்தப் பணியில் நோய் கண்டு சாகக் கிடந்து பிழைத்தார். அவர் செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின் மேல் துக்கம் வந்திருக்கும் என்ற பொருளில் பவுல் வெளிப்படையாகவே எழுதுகிறார். கவனித்தீர்களா? சந்தோஷப்படுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், துக்கத்தை மறைக்கவில்லை. 'செத்தாலும் ஸ்தோத்திரம்' என்று வீறாப்பாக எழுதவும் இல்லை.

கடைசி அதிகாரத்தில், வந்து சேர்ந்த உதவிக்கு நன்றி சொல்கிறார். நாம் காலண்டரில் அச்சடித்து மாட்டுகிற சந்தோஷ வசனம் இருப்பதும் அதே அதிகாரத்தில்தான். பிலிப்பி சபைக்காரர் ஒருவர் வழியெல்லாம் சுமந்து, நோயில் விழுந்து, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த பொருள் சிறைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பவுலின் சந்தோஷத்துக்குக் கிறிஸ்துதான் காரணம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கிறிஸ்து அவரை விசாரிக்க ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆளும் வெறுங்கையோடு போகவில்லை.

இழப்பு நேர்ந்த வீட்டில் சந்தோஷம் திரும்புவது பெரும்பாலும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் ஜெபத்தில் அது வராது. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுப் புத்தகத்தைத் திறந்த அம்மா தன்னையறியாமல் இரண்டு வரி பாடிவிட்டு, "அவர் போய் இத்தனை நாள்தான் ஆகுது, பாட்டு வருதே" என்று திடுக்கிடுவாள். கணவரை மறந்துவிட்டாள் என்றா அர்த்தம்? அந்த மனதுக்குள் அழுகையும் இருக்கும், பாட்டும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே தேவன் ஏற்றுக்கொள்வார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதவர்தானே நம் ஆண்டவர்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'சந்தோஷமாயிருங்கள்' என்பதை 'வாயை மூடிக்கொண்டிருங்கள்' என்று ஆக்கிவிடக் கூடாது. கருணாபுரம் சாவுகளுக்கு ஒருநபர் விசாரணை ஆணையம் வந்தது. மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனை கூட்டப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 'யார் பொறுப்பு?' என்று விடாமல் கேட்டவர்கள் இருந்ததால் நடந்தவை இவை. அப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

இதே சாவுகளில், பக்கத்திலுள்ள கல்வராயன் மலைக்காரர்கள் பங்குக்கு வந்தது வேறு வகைப் பழி. கடுக்காய் பொறுக்கியும் மரவள்ளி போட்டும் பிழைக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்கள். மலையில் சாராயம் காய்ச்சுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்த மெத்தனால் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுகிற சரக்கு அல்ல, தொழிற்சாலை ரசாயனம். பழி என்னவோ மலைக்குத்தான் போனது. அந்த மலைக் கிராமங்களின் சாலை, பள்ளி, வைத்தியம் எல்லாம் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்பதை, இத்தனை உயிர் போன பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு மலையேறிப் போர்வை கொடுத்து போட்டோ எடுக்கிற நம் சபைகள், இந்தக் கேள்விகளையும் கொஞ்சம் சேர்த்துக் கேட்கலாம்.

சரி, நாம் என்ன செய்யலாம்? உங்கள் தெருவில், உங்கள் சபையில், சாவு நடந்து மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆன வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். முதல் வாரம் சேர் போட இடமில்லாத வீடு அது. இப்போது கேட் திறக்கிற சத்தமே அபூர்வம். மகளிர் குழுக் கடனுக்குத் தவணை நாள் மட்டும் தவறாமல் வருகிறது. வாரிசு சான்றிதழுக்காக அந்த அம்மா தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்கிறார். ஜெராக்ஸ் ஒன்று குறைந்தாலும் மறுநாள் வரச் சொல்கிறார்கள். அன்றைய கூலி போயிற்று. வேதபாடம் நடத்தத் தெரிந்தவர்தான் அங்கே போக வேண்டும் என்பதில்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் போனாலே பாதிப் பாரம் குறையும். பெரிய பையனுக்கு டியூஷன் எடுக்க உங்கள் வீட்டுக் கல்லூரிப் பெண்ணால் முடியாதா?

உங்கள் சபையில் யாராவது இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். உதவி பெற்றவர் பெயரும் போட்டோவும் வேண்டாம். எப்படி ஆரம்பித்தீர்கள், மாதம் எவ்வளவு செலவு, எதில் சிக்கல் வந்தது என்பது போதும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்