மெமோ அல்ல, மேமோ!

ஜூலை மாதம் வந்தால் எனக்குத் திடீர் மரியாதை வரும். மற்ற பதினொரு மாதங்கள் 'பத்திரிகைக்கு என்னமோ எழுதிக்கிட்டிருக்கு' என்று என்னைப் பற்றிப் பேசும் திருவெறும்பூர்வாசிகள், ஜூலையில் மட்டும் 'தம்பி பி.காம்.' என்பார்கள். வருமான வரி ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போனால் ஃபீஸ். என்னிடம் வந்தால் ஒரு டம்ளர் காபி. அதுவும் எங்கள் வீட்டுக் காபி.

அப்படித்தான் போன ஜூலையில் எதிர் வரிசை வீட்டு அக்கா வந்தார். ஆறு வருஷமாக அங்கே குடியிருக்கிறார். 'ஏதோ ஸ்கேன் சென்டர்ல வேலை' என்பதற்கு மேல் தெருவில் யாருக்கும் தெரியாது. கையில் நாலு ஃபார்ம் 16ஏ. நாலு வெவ்வேறு இடங்கள். நாலு பேரும் தலைக்குப் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருந்தார்கள்.

"நாலு இடத்துல வேலையா? டாக்டராக்கா நீங்க?"

"இல்ல தம்பி, டெக்னாலஜிஸ்ட். மேமோ எடுக்கறேன்."

"மெமோவா? நாலு இடத்துலயுமா?"

ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். மூன்று வருஷ உத்தியோகத்தில் இரண்டு வாங்கியவன் நான். சக பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் அனுதாபமாகப் பார்த்தேன்.

அக்கா சிரித்துவிட்டார். "மேமோகிராம் தம்பி. மார்பகத்துக்கு எடுக்கற எக்ஸ்ரே."

நான் உடனே குனிந்து, ஏற்கெனவே இரண்டு தடவை சரிபார்த்த பான் நம்பரை மூன்றாவது தடவை சரிபார்க்க ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை ஒரு பெண்மணி ரேஷன் கார்டு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னால், கண்ணை எங்கே வைப்பது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. வயசு முப்பத்து மூன்று ஆனாலும்!

★ ★ ★

நாலு இடம் ஏன்? கணக்கு சுலபம். மெஷின் விலை அதிகம், வருகிறவர்கள் குறைவு. ஒரு சென்டரில் நாளுக்கு இரண்டு பேர் வந்தால் பெரிசு. வருகிறவர்களும் 'லேடீஸ்தானே எடுப்பாங்க?' என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அதனால் நாலு சென்டர்கள் சேர்ந்து ஒரு அக்காவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. திங்கள், வியாழன் தில்லைநகர், செவ்வாய் ஸ்ரீரங்கம், புதன் புத்தூர், மீதி நாள் தஞ்சாவூர் ரோடு. டிபன் பாக்ஸும் கைப்பையுமாகப் பால்பண்ணையில் பஸ் மாறி மாறி, அக்காவுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கேஸுக்கு இவ்வளவு என்று பேச்சு. வந்தால் உண்டு.

"அப்படி என்னக்கா வேலை? பட்டனை அமுக்கறதுதானே?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். காலால் மிதிக்கிற பெடல், தையல் மெஷின் மாதிரி. பக்கத்துக்கு இரண்டு படம். மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. ஆக மொத்தம் நாலு. ஒவ்வொரு அழுத்தமும் சில விநாடிகள்தான். கொஞ்சம் வலிக்கும், படம் எடுத்த கையோடு தட்டு தானாக விலகும்.

"எதுக்கு அழுத்தணும்?"

"மடிச்சு வச்ச புடவைக்குள்ள குண்டூசி தேடுவீங்களா, விரிச்சுப் போட்டுத் தேடுவீங்களா?"

இந்த அழுத்துகிற யோசனையை வற்புறுத்தியவர், 1940-களின் கடைசியில், உருகுவே நாட்டு டாக்டர் ரவுல் லெபோர்ன். அழுத்தினால் சதை பரவும், படம் கலங்காது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும். நாலு படத்துக்கும் சேர்த்து உடம்பில் ஏறுவது, நாம் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே ஏழெட்டு வாரத்தில் இயற்கையாக ஏறுகிற அளவுதான். தேடுகிற பொருளோ சில சமயம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சுண்ணாம்புத் துகள். முகப்பவுடர், வாசனை ஸ்ப்ரே ஒட்டியிருந்தாலும் படத்தில் அதே மாதிரி வெள்ளைப் புள்ளியாக விழுந்து வயிற்றைக் கலக்கும். அதனால் அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு.

எங்கள் ஊர் மலைக்கோயிலில் இருப்பவர் எறும்பீஸ்வரர். எறும்பு உருவில் வந்த தேவர்கள் ஏற முடியாமல் வழுக்கியபோது, லிங்கத்தைப் புற்றாக்கிக் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தார் என்று தலபுராணம். சாய்வுப் படத்துக்கு மெஷினும் அப்படித்தான் சாய்ந்து கொடுக்கிறது, எறும்பைவிடச் சின்னதைத் தேட!

★ ★ ★

மெஷினைச் சமாளித்துவிடலாமாம். தாலியைச் சமாளிப்பதுதான் பெரிய காரியமாம். கழுத்தில் உலோகம் இருந்தால் படத்தில் குறுக்கே விழும். 'கழற்றுங்க' என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அக்கா அந்த வார்த்தையையே சொல்வதில்லை. "முதுகுப் பக்கம் போட்டுக்கலாம்மா" என்பார். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி முதுகில் தாலியோடு, கண்ணை மூடி ரங்கநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே நாலு படமும் முடித்துக்கொண்டாராம். 'அசையாதீங்க' என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அதைவிடக் கஷ்டம், முகம். படம் முதலில் தெரிவது அக்காவுக்குத்தான். நாளெல்லாம் பார்த்துப் பழகிய கண். சிலது பார்த்தவுடனே புரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க முடியாது. அது டாக்டர் வேலை. அந்த அம்மாவோ ஸ்கிரீனைப் பார்க்க மாட்டார், அக்காவின் முகத்தையே பார்ப்பார். நல்லதோ கெட்டதோ, "டாக்டர் பார்த்துச் சொல்வாரும்மா, புடவை கட்டிக்கோங்க" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

"அதைத்தான் தம்பி நான் வேலைன்னு சொல்றேன்" என்றார். நான் காபியைக் கீழே வைத்தேன்.

"வெளியில ஆம்பளைங்க இருப்பாங்களே?"

"இருப்பாங்க. செல்போனைப் பார்த்துக்கிட்டு. எவ்வளவு ஆகும்னு கேட்பாங்க, எத்தனை மணிக்கு முடியும்னு கேட்பாங்க. 'உனக்கு வலிச்சுதா'ன்னு வீட்டம்மாகிட்ட கேட்கறவங்க குறைவு."

புறப்படும்போது, ஃபீஸ் வாங்காத எனக்கு அக்கா ஒரு ஃபீஸ் கொடுத்தார். "அம்மாவுக்கு எப்பவாவது பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?"

எங்கள் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வியா இது? அப்பா பெல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டிங் ஜாயின்ட்களை எக்ஸ்ரே எடுத்தவர். கொதிகலன் குழாய்களுக்குப் பேர்போன ஊர் இது. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975-ல் இன்ஸ்டிட்யூட் வைத்த இடம். ஒரு ஜாயின்ட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விட மாட்டோம். அம்மாவை?

விட்டுவிட்டோம்.

நாங்கள் மட்டுமில்லை. 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள், 2019-21 தேசிய குடும்பநல சர்வேப்படி, இந்தியாவில் நூற்றுக்கு ஒருத்தர்கூட இல்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோயோ இதுதான். 2022-ல் மட்டும் புதிதாகச் சுமார் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் என்பது சர்வதேச மதிப்பீடு. வருகிறவர்களில் நிறையப் பேர் முற்றிய பிறகு வருகிறார்கள்.

★ ★ ★

அன்று ராத்திரி அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா... அந்த எதிர்வீட்டு அக்கா... வந்து... மேமோ..."

"என்னடா, வேலையே கிடையாது, அதுக்குள்ள மெமோவா?"

தட்டுத் தடுமாறி விளக்கினேன். அம்மா தோசையைத் திருப்பினார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்: "பொங்கலிலேர்ந்து இடது பக்கம் ஒரு கட்டி மாதிரி இருக்குடா."

பொங்கல்! நடந்துகொண்டிருந்தது ஜூலை.

"ஏம்மா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? உங்கப்பா பயந்துடுவார். நீ ஆம்பளைப் பையன்."

தோசை கருகிற்று. யாரும் கவனிக்கவில்லை.

மறுவாரம் மூன்று பேரும் போனோம். அக்கா வெளியே வந்தபோது அப்பா பார்த்தது அவர் முகத்தை அல்ல, சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை. "நீயும் டி.எல்.டி. போடறியாம்மா? மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் அனுப்பறாங்களா?"

"ஆமா மாமா."

அப்பாவும் அதே பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தவர். கதிர்வீச்சில் வேலை செய்கிறவர்கள் மேல் எவ்வளவு பட்டது என்று அளக்கிற சமாசாரம். ஆறு வருஷம் எதிர் வரிசையில் இருந்த பெண் தன் தொழில்காரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா உள்ளே போய், கால் மணியில் வந்தார். "டாக்டர் பார்த்துச் சொல்வாரும்மா" என்றார் அக்கா. அந்தக் குரலை வைத்து ஒன்றுமே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்.

இரண்டு நாள் கழித்து, 'ஒரு ஸ்கேனும் பார்த்துடலாம்' என்று போன். மறுபடி கூப்பிட்டால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை என அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்த நாலைந்து நாள் எங்கள் வீட்டில் டி.வி. ஓடவில்லை. ராத்திரி அப்பா ஃபிலிமை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜாயின்ட்ல பழுது தெரிஞ்சா அரைச்சு எடுத்துட்டு, மறுபடி வெல்ட் பண்ணி, மறுபடி ஷாட் எடுப்போம். எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன். வீட்ல ஒரு வார்த்தை கேட்கலையேடா."

நீர்க்கட்டிதான். பயமில்லை என்றார் டாக்டர். பெரும்பாலான கட்டிகள் அப்படித்தான் இருக்குமாம். ஆனால் அது தெரியாமல் நாங்கள் தவித்தது சில நாள். அம்மா அடுப்படியில் தனியாகச் சுமந்தது ஆறு மாதம். வரவு செலவு போட்டுப் பார்த்தால், அந்தக் கணக்கு மட்டும் எனக்கு டேலி ஆகவில்லை.

★ ★ ★

ஆகவே ஆபீஸ்வாசிகளே! நாற்பதைத் தாண்டிய அம்மா, அக்கா, அத்தை இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மேமோ வேண்டுமா, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்று அவர் சொல்வார். இளவயதுக்காரர்களுக்கு மேமோவில் சரியாகத் தெரியாது, ஸ்கேன் சொல்வார். மெஷின் இல்லாவிட்டாலும் வழி உண்டு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை (அதிலும் ஒரு மெமோ!) 1998-ல் தொடங்கி இருபது வருஷம் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஆராய்ந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் பரிசோதித்ததிலேயே, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. நூற்றில் ஒரு கேஸ் ஆண்களுக்கும் வருகிறது என்பதால் நாமும் ரொம்ப நெளிய வேண்டாம்.

அம்மா இப்போது தெருவில் பிரசாரமே செய்கிறார். "ஒண்ணுமில்லைடி, தாலியை முதுகுப் பக்கம் போட்டுக்கலாம்!" இதுவரை ஆறு பேர் போய்வந்தாயிற்று. துவாக்குடிப் பக்கம் இன்னொரு சென்டரிலும் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

அடுத்த ஜூலையில் ஃபார்ம் 16ஏ ஐந்தாக வரும். எனக்கு அதே ஒரு டம்ளர் காபிதான்.