பெரிய என்ஜினா? முதலில் எக்செல்லைத் திறங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய ஒரு மாதத்திற்குள்ளேயே பலருக்கும் வரும் சந்தேகம், "இன்னும் பெரிய ப்ராசசர் போட்டிருக்கலாமோ?" என்பதுதான். அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே சிறு விமானம் கட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பாகங்கள் 'கிட்' ஆகப் பெட்டிகளில் வந்து சேரும். வாங்கியவர் ரிவெட் அடித்துப் பூட்ட வேண்டும். எந்த என்ஜின் என்பதை அவரே முடிவு செய்யலாம். அங்கேதான் இதே ஆசை அவர்களுக்கும் வருகிறது.

அந்த ஆசையை முதலில் எக்செல்லில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆரிகன் மாநிலத்தின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தரும் ஆர்.வி.-9ஏ, இருவர் அமரும் விமானம். 118 முதல் 160 குதிரைத் திறன் வரையிலான என்ஜின்களுக்காக வடிவமைக்கப்பட்டது. ஆனால் 180 குதிரைத் திறன் கொண்ட லைகமிங் ஓ-360 என்ஜினைப் போட விரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் வேகம். காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. ஏதாவது ஒரு செல்லில் =(180/160)^(1/3) என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை 1.04. அதாவது 12.5 சதவீதம் கூடுதல் சக்திக்குக் கிடைப்பது 4 சதவீத வேகம்தான். மணிக்கு 290 கி.மீ. பறந்த விமானம் சுமார் 302 கி.மீ. பறக்கும். 300 கி.மீ. பயணத்தில் இரண்டரை நிமிடம்கூட மிச்சமாகாது. ஆனால் பெட்ரோல் செலவு ஏறக்குறைய சக்தியோடு சேர்ந்தே உயரும். =1.04/1.125 என்று போட்டால் 0.92 வரும். லிட்டருக்குப் பறக்கும் தூரம் 8 சதவீதம் குறைகிறது. டேங்க் அதே 136 லிட்டர்தான்.

அடுத்து எடை. புது என்ஜின் 10 கிலோ கூடுதல் என்றும், அது விமானத்தின் ஈர்ப்பு மையத்திற்கு 120 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். காலி விமானம் 480 கிலோ. =10*120/490 என்று கொடுங்கள். ஈர்ப்பு மையம் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. முன்னால் நகர்கிறது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்த மையம் இருக்க வேண்டிய பாதுகாப்பான இடமே ஒரு சாணுக்கும் குறைவு! அதைத் தாண்டினால், இறங்கும்போது மூக்கைத் தூக்க வால் பகுதிக்குப் பலம் போதாது. மேலும், மொத்த எடை சுமார் 794 கிலோவைத் தாண்டக் கூடாது. என்ஜினில் கூடிய 10 கிலோவைப் பெட்டியிலோ பெட்ரோலிலோதான் குறைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. இந்த விமானம் மணிக்கு 210 மைல், அதாவது 338 கி.மீ. வேகத்தை ஒருபோதும் தாண்டக் கூடாது. தாண்டினால் இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்கள் படபடவென அடித்து, சில நொடிகளில் பிய்ந்து போகலாம். பெரிய என்ஜின் அந்த எல்லைக்கு அருகில் கொண்டு போகிறது. உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால், வேகமானி காட்டுவதைவிட உண்மையான வேகம் அதிகம். இது விமானியின் கண்ணில் படாத ஆபத்து.

கூடுதல் சக்தியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மேலே ஏறும் வேகம் நன்றாகவே கூடும். கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அத்தகைய இடங்களில் என்ஜின் பலம் குறைந்துவிடும் என்பதால் இது பெரிய உதவி. ஆனால் அதற்கு அதே நிறுவனத்தின் ஆர்.வி.-7 இருக்கிறது. 200 குதிரைத் திறன் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. பெரிய என்ஜின் வேண்டுமென்றால், அதற்கேற்ற கிட்டை வாங்குவதே முறை.

எக்செல் எடையையும் தூரத்தையும் கணக்கிட்டுத் தரும். இறக்கை எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. அதனால் கணக்கு சாதகமாக வந்தாலும், வடிவமைத்தவர் கொடுத்த எல்லையை மீறக் கூடாது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டை எஸ்.எம்.பி.எஸ். தாங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், திரும்ப ஆன் செய்யலாம். வானத்தில் அந்த வசதி இல்லை.

மேலே உள்ள முதல் பார்முலாவில் 180-க்குப் பதில் 200 போட்டுப் பாருங்கள். 25 சதவீதம் கூடுதல் சக்திக்கு எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.